பூட்டில்லாத ஊர்

கணிப்பொறி வலையைப் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு, ஏதோ ஓர் ஊருக்குள் புகுந்தது போன்ற உணர்வு உண்டாகும். அங்கே முகவரி உண்டு, வாயில் உண்டு, பாலம் உண்டு, விருந்தினர் உண்டு, விருந்து ஏற்பவரும் உண்டு. கைகுலுக்குதல் என்பதுகூட அந்நூலில் ஒரு கலைச்சொல். இன்னும் சில ஏடுகளைப் புரட்டினால் மதிலும் காவலும் வேவும் முற்றுகையும் எதிர்ப்படும். இச்சொற்கள் யாவும் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. முகவரியும் கைகுலுக்கலும் முன்னே வந்தன; மதில் பின்னே வந்தது. ஊர் எழுந்து பல ஆண்டுகள் சென்ற பிறகே அதற்கு மதில் வேண்டும் என்ற எண்ணம் பலர்க்கும் தோன்றியது. இடையே நிகழ்ந்ததை அறிந்தால், அச்சொற்களின் பொருளும் எளிதில் விளங்கும்.

1969-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள் இரவு பத்தரை மணி. அமெரிக்க நாட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் லெனார்டு கிளைன்ராக்கின் ஆய்வுக்கூடத்தில், சார்லி கிளைன் என்னும் மாணவர் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தார். அங்கிருந்து ஏறக்குறைய 350 மைல் தொலைவில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் மற்றொரு கணிப்பொறி இருந்தது. முதற்பொறியிலிருந்து இரண்டாவது பொறிக்குள் நுழைய வேண்டும். நுழைவதற்கு உரிய ‘லாகின்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அவர் எழுத்து எழுத்தாக அனுப்பினார். ‘எல்’ சென்று சேர்ந்தது. ‘ஓ’ சென்று சேர்ந்தது. அடுத்த எழுத்தை அனுப்பியபோது அக்கரைப் பொறி நிலைகுலைந்து நின்றுவிட்டது! ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்ற பின்னரே சொல் முழுமையும் சென்று சேர்ந்தது. இரண்டே எழுத்துகளோடு இடறி விழுந்த அந்த வலைக்கு ‘ஆர்ப்பாநெட்’ என்று பெயர். அவ்வாண்டின் இறுதிக்குள் நான்கு இடங்கள் அதில் இணைந்தன. இன்றைய இணையம் அந்த வேரிலிருந்து கிளைத்தது.

அந்த வலையின் புதுமை கம்பியில் இல்லை. செய்தியை அனுப்பும் முறையில் இருந்தது. தொலைபேசியில் இருவர் பேசும்போது, பேச்சு முடியும் வரையில் அவ்விருவர்க்கும் இடையே ஒரு வழி ஒதுக்கி வைக்கப்படும்; அவர்கள் வாய் மூடி இருந்தாலும் வழி அவர்களுக்கே உரியது. கணிப்பொறிகளோ விட்டு விட்டுப் பேசுபவை. அவற்றுக்கு இம்முறை பெரும் வீண்செலவு. ஆகவே அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும், இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே 1960-களில் வேறு வழி கண்டனர். ஓலைச்சுவடி ஒன்றை வெளியூர்க்கு அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். கயிற்றை அவிழ்த்து, ஒவ்வோர் ஏட்டிலும் ஏட்டெண்ணையும் சேரவேண்டிய ஊரையும் எழுதி, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்து விடலாம். ஓர் ஏடு நேர்வழியில் போகும். மற்றொன்று சுற்றுவழியில் போகும். பத்தாம் ஏடு மூன்றாம் ஏட்டுக்கு முன்னே போய்ச் சேரினும் கேடில்லை. சேர்ந்த இடத்தில் எண் பார்த்து அடுக்கிக் கயிற்றில் கோத்துவிட்டால் சுவடி முழுமை பெறும். காணாமற் போன ஏட்டை மட்டும் மறுபடி அனுப்புமாறு கேட்கலாம்.

இந்த ஏடுகளுக்கு டேவிஸ் ‘பாக்கெட்’ என்று பெயரிட்டார். பெயரிடுமுன் அவர் ஒரு மொழியறிஞரைக் கலந்து, பிற மொழிகளிலும் எளிதில் பெயர்க்கத்தக்க சொல்லாக அது அமைந்திருப்பதை உறுதி செய்துகொண்டார். கருவி செய்வோர் சொல்லைப் பற்றி இவ்வளவு கவலைகொள்வது அரிது. தமிழில் அதனைப் பொதி என்கிறோம். சந்திதோறும் நின்று, பொதியின் மேலுள்ள முகவரியைப் பார்த்து, இந்த வழியே போ என்று காட்டுகின்ற பொறி ‘ரௌட்டர்’. அது தமிழில் திசைவி எனப்படும்.

பொதிகள் முறையாகச் சென்று சேர வேண்டுமானால், அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். அவ்வழக்கத்துக்கு ‘புரோட்டகால்’ என்று பெயர், தமிழில் நெறிமுறை. கிரேக்க மொழியில் இச்சொல், சுருளேட்டின் தலைப்பில் பசையிட்டு ஒட்டப்பட்ட முதல் ஏட்டைக் குறித்தது. உள்ளே இருப்பது இன்னது என அந்த ஏடு அறிவித்தது. பொதியின் தலைப்பும் இன்று அதே தொழிலைச் செய்கின்றது. 1974-ஆம் ஆண்டில் விண்டன் செர்ப், ராபர்ட் கான் என்னும் இருவரும் வகுத்து வெளியிட்ட நெறிமுறையிலிருந்து வளர்ந்ததே ‘டிசிபி-ஐபி’. 1983-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஆர்ப்பாநெட் முழுமையும் அதற்கு மாறியது.

கைகுலுக்கல் இந்நெறிமுறையின் ஒரு பகுதி. ஒரு பொறி மற்றொன்றுடன் பேசத் தொடங்குமுன், ‘வரலாமா?’ என்று கேட்கின்றது. ‘வரலாம், என் குரல் கேட்கின்றதா?’ என்று மற்றது விடையும் வினாவும் விடுக்கின்றது. ‘கேட்கின்றது’ என்று முதற்பொறி சொன்ன பின்னரே பேச்சுத் தொடங்கும். பண்புடையார் இருவர் சந்திப்பது போன்ற இம்முறையை வகுத்தவர்கள், ‘வரலாமா?’ என்று பல்லாயிரம் முறை கேட்டுவிட்டு மறுமொழிக்கு நில்லாமல் ஓடுகின்றவன் ஒருவன் வருவான் என்று கருதவில்லை. 1996-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து இணையச் சேவை நிறுவனம் ஒன்றுக்கு அப்படியே நேர்ந்தது. திறந்த கதவைப் பிடித்தபடி வாராத விருந்தினர்க்குக் காத்து நின்றே அதன் பொறிகள் சோர்ந்தன. மெய்யாக வந்தவர்களை வரவேற்க இடமில்லாது போயிற்று. இத்தகைய தாக்குதலைச் சேவை மறுப்பு என்பர். மதிலை இடிக்காமலே ஊரை முடக்கும் முற்றுகை அது.

வலையில் ஒவ்வொரு பொறிக்கும் எண்ணால் ஆகிய முகவரி உண்டு. முதலில் வகுத்த முறையில் 429 கோடிக்குச் சற்று மிகுதியான முகவரிகளே அமையும். உலகத்துக்கு அது போதும் என்று அன்று நினைத்தார்கள். 2011-ஆம் ஆண்டில் நடுவண் இருப்பில் இருந்த முகவரிகள் தீர்ந்தன! இப்போது அதனினும் பன்மடங்கு நீண்ட புதிய முகவரிமுறையும் வழக்கில் உள்ளது. எண்ணை மனிதர் நினைவில் வைத்தல் அரிது. ஆகவே பெயர்கள் வந்தன. தொடக்கத்தில் வலையிலுள்ள பொறிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் அடங்கின. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பெயின்லர் என்னும் பெண்மணியின் குழுவினர் அப்பட்டியலைக் காத்து வந்தனர். புதிய பொறி வாங்கியவர் அவர்களுக்குச் சொல்லிப் பெயரைச் சேர்த்துக்கொள்வார். ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு எல்லா வீடும் தெரிந்திருந்த காலம் அது! வலை வளர வளர அது இயலாதாயிற்று. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் வகுத்த களப்பெயர் முறையில், அந்தந்தப் பகுதிப் பெயர்களை அந்தந்தப் பகுதியாரே காத்துக்கொள்கின்றனர்.

வீட்டை அடைந்தால் மட்டும் போதாது. எந்த வாயிலில் தட்டுவது என்பதும் தெரிய வேண்டும். கணிப்பொறி ஒவ்வொன்றும் அறுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட வாயில்களை உடைய மாளிகை. ஆங்கிலத்தில் அவற்றை ‘போர்ட்’ என்பர். அதனைத் தமிழில் துறை என்று பெயர்த்தவர்கள் கப்பல் துறைமுகத்தை எண்ணினார்கள் போலும். இலத்தீனில் வாயிலைக் குறிக்கும் சொல்லே அதன் வேர். வாயில் என்பதே அதற்குப் பொருந்தும். வாயில்களுக்கு எண் உண்டு. பொறிகளுக்கு இடையே அஞ்சல் 25-ஆம் எண் வாயிலில் வரும். இணையப் பக்கங்கள் 80-ஆம் எண்ணிலும், மறைகாப்புடைய பக்கங்கள் 443-ஆம் எண்ணிலும் வழங்கும். பிற வாயில்களுக்குப் பின்னே வேறு ஏவலர் இருப்பர். பல வாயில்களில் யாருமே இரார்.

இவ்வளவு முறையாக அமைந்த ஊரில் பூட்டு மட்டும் பெயரளவில் இருந்தது. கடவுச்சொல் என்பது வலைக்கு முன்னரே பிறந்த பழக்கந்தான். ஆயினும் பல பல்கலைக்கழகங்களில், ‘இன்ன பொறியிலிருந்து வருவோர் நம்மவர், அவர்களைச் சொல் கேளாது உள்ளே விடுக’ என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தனர். அப்பொறிகளை ‘நம்பத்தக்கவை’ என்றே வழங்கினர். வலையில் இருந்தோர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்; ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியவர். அவர்களைக் குறை கூறுவது நேர்மையன்று. அண்டை வீட்டாரை ஐயுற்றிருப்பின் அந்த வலையே எழுந்திராது.

எச்சரிக்கை இல்லாமலும் போகவில்லை. 1973-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ராபர்ட் மெட்காப் என்னும் பொறியறிஞர், வலையோர்க்குச் சிறு குறிப்பு ஒன்று எழுதினார். கடவுச்சொற்கள் எளிதில் ஊகிக்கத்தக்கனவாக உள்ளன. வலைக்குள் புகுவதற்குரிய தொலைபேசி எண்கள் பலர் கண்ணிலும் படுகின்றன. ஒரு பொறியின் தலைமைக் கடவுச்சொல்லைக் கைப்பற்றியவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவர்! இவ்வாறு அவர் நகைச்சுவையோடு எழுதினார். குறிப்பு பரவியது, பூட்டுகள் மாறவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழிந்தன.

1988-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் மாலையில், பல்கலைக்கழகப் பொறிகள் திடீரெனத் தளரத் தொடங்கின. யாரும் பெரிய வேலை எதையும் கொடுக்கவில்லை. எனினும் மூச்சு வாங்கும் மனிதனைப் போலப் பொறிகள் திணறின. நிறுத்தி மீண்டும் இயக்கினால் சிறிது நேரம் நன்றாக இருக்கும். பிறகு மறுபடியும் திணறும். உள்ளே ஏதோ ஒன்று தன்னைத்தானே பெருக்கிக்கொண்டிருந்தது.

அது ஒரு புழு. கணிப்பொறியியலில் நச்சுநிரல் வேறு, புழு வேறு. நச்சுநிரல் மற்றொரு நிரலில் ஒட்டிக்கொண்டு, அந்நிரலை யாரேனும் இயக்கும்போது பரவும். புழுவோ யார் துணையும் இன்றித் தானே பொறிவிட்டுப் பொறி ஊர்ந்து செல்லும். ஜான் பிரன்னர் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1975-இல் எழுதிய கற்பனைப் புதினத்தில் நாடாப்புழு ஒன்று வலையில் ஊர்கின்றது. பெயர் அங்கிருந்து வந்தது.

இந்தப் புழு ஊருக்குள் புகுந்த வழிகளைக் காணுதல் வேண்டும். ஒன்று, அஞ்சல் வாயில். அஞ்சலைக் கையாளும் நிரலை எழுதியவர், சோதனைக்காகத் தமக்கென்று ஒரு பக்கவழி வைத்திருந்தார். வீடு கட்டி முடிந்த பின்னும், கொத்தனார் ஏறி இறங்கிய சாரம் சாளரத்தின் அருகே நின்றது போல அது பல பொறிகளில் நின்றுவிட்டது. மற்றொன்று, பொறியில் இப்போது யார் இருக்கின்றனர் என்று கேட்பவர்க்கு விடையளிக்கும் சிறு நிரல். கேள்வியை வாங்கிக்கொள்ள அது 512 எழுத்துக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருந்தது. வருவதை அளந்து பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை. புழு 536 எழுத்துகளை ஊற்றியது. படி நிறைந்து வழிந்தது; வழிந்த எழுத்துகளே பொறிக்குக் கட்டளைகளாக மாறின. மூன்றாவது வழி, முன்னே கண்ட நம்பிக்கைப் பட்டியல். ‘நம்மவர்’ என்று எழுதி வைத்த ஏட்டைப் படித்துப் படித்துப் புழு அடுத்த வீட்டுக்குச் சென்றது.

நான்காவது வழி கடவுச்சொல். இங்கே கதை ஒரு குடும்பத்துக்குள் நுழைகின்றது.

கடவுச்சொல்லை உள்ளபடியே பொறியில் எழுதி வைப்பது பேதைமை. ஆகவே அதனை அரைத்து, அரைத்த மாவை மட்டும் வைப்பர். அரிசி மாவாகும், மாவு மீண்டும் அரிசி ஆகாது. உள்ளே வருபவர் சொல்லும் சொல்லை அதே திரிகையில் அரைத்துப் பார்த்து, மாவு ஒத்திருந்தால் கதவு திறக்கும். ஒரே சொல்லை இருவர் வைத்திருப்பினும் மாவு வேறுபடும் வண்ணம், அரைக்கும்போது ஆளுக்கொரு சிட்டிகை வேறு எழுத்துகளைச் சேர்ப்பர். அதற்கு உப்பு என்றே பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்னும் இருவரும் 1979-இல் இதனைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. மக்கள் தாமே தேர்ந்துகொண்ட 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றுள் 2,831 சொற்கள், மிகக் குறுகியவையாகவோ அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் காண்பனவாகவோ இருந்தன. திரிகை நல்லது, அதில் இட்ட அரிசிதான் எல்லார்க்கும் தெரிந்த அரிசி!

1988-இல் அந்த மாரிஸ், அமெரிக்க அரசின் கணிப்பொறிக் காப்பு நடுவத்தில் தலைமை அறிவியலறிஞர். புழுவை எழுதியவர் அவருடைய மகன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் டாப்பன் மாரிஸ், தம் இருப்பிடம் தெரியாதிருக்க, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பொறி ஒன்றிலிருந்து அதனை ஏவினார். புழு தன்னுடன் 432 சொற்களைச் சுமந்து சென்றது. முதலில் ஒருவருடைய பெயரையும், அப்பெயரைத் தலைகீழாகத் திருப்பியும் அரைத்துப் பார்த்தது. பின்னர் அந்த 432 சொற்களை அரைத்துப் பார்த்தது. தந்தை எண்ணிக் காட்டிய பலவீனத்தை மகனுடைய புழு கதவுதோறும் சோதித்தது.

மகன் எந்தக் கோப்பையும் அழிக்குமாறு புழுவுக்குக் கட்டளையிடவில்லை. ஒரு பொறியில் முன்னரே தன் இனம் இருந்தால், இரண்டில் ஒன்று ஒழியவேண்டும் என்றும் அமைத்திருந்தார். ஆனால் காவலர் யாரேனும் ‘முன்னரே இருக்கின்றது’ என்று பொய் சொல்லி விரட்டிவிடக்கூடும் என அஞ்சி, ஏழில் ஒரு முறை அந்த விடையைப் பொருட்படுத்தாது தங்கிவிடுமாறும் எழுதிவிட்டார். ஏழில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். மின்விரைவில் ஊர்வதற்கு அது பேரெண். ஒரே பொறியில் புழு மேல் புழு குவிந்தது. அன்று வலையில் ஏறத்தாழ 60,000 பொறிகள் இருந்தன எனவும், அவற்றுள் ஏறக்குறைய 6,000 பாதிக்கப்பட்டன எனவும் மதிப்பிட்டனர். அது எண்ணிக் கண்ட கணக்கன்று, ஊகமே.

தம் கைவினை கைமீறியதை அறிந்த மாரிஸ் அஞ்சினார். அவர் வேண்டியபடி நண்பர் ஒருவர், புழுவைத் தடுக்கும் வழியைக் கூறி, பெயரிடாத மன்னிப்புச் செய்தி ஒன்றை வலையில் விடுத்தார். ஆனால் புழுவால் அடைபட்ட வலையில் அச்செய்தி உரிய காலத்தில் எவரையும் சென்றடையவில்லை. பல நிலையங்கள் புழுவுக்கு அஞ்சி வலையிலிருந்து விலகியதனால், மருந்தும் அவற்றை எட்டவில்லை. கலிபோர்னியாவில் பெர்க்லி, மாசசூசெட்ஸ், பர்டூ முதலிய இடங்களில் இருந்தோர் புழுவைப் பிடித்துப் பிரித்து ஆராய்ந்து அடைப்புகளைக் கண்டனர்.

அத்திங்களிலேயே பிட்ஸ்பர்க்கு நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், இத்தகைய இடர்களில் எல்லார்க்கும் செய்தி சொல்லிக் கைகொடுக்கும் குழு ஒன்று ஏற்பட்டது. மதிலும் அக்காலத்தை ஒட்டியே எழுந்தது. ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பற்றிய தீ மற்றதற்குத் தாவாதபடி இடையே எழுப்பும் சுவருக்கு ஆங்கிலத்தில் ‘பயர்வால்’ என்று பெயர்; தமிழில் தீயரண் என்று வழங்குகின்றது. அது வரும் பொதிகளின் முகவரியையும் வாயில் எண்ணையும் பார்த்து, விடத்தக்கதை விட்டு மற்றதைத் தடுக்கும். அதன் வரம்பையும் அறிய வேண்டும். அஞ்சல் வேண்டுமானால் அஞ்சல் வாயில் திறந்தேயிருக்க வேண்டும். 1988-இன் புழு வந்த வழிகளுள் அதுவும் ஒன்று. வீட்டுக்காரரையே ஏமாற்றிக் கடவுச்சொல்லை வாங்கும் தூண்டில் அஞ்சலுக்கு முன் தீயரண் பெரும்பாலும் செயலற்று நிற்கும். உள்ளிருந்தே கதவு திறக்கப்படுகின்றது அல்லவா?

வழியில் ஏட்டைச் சுமந்து செல்பவன் அதைப் படித்துவிட்டால் என் செய்வது என்னும் கேள்விக்கு விடை, மறைகுறியீடு. முன்னெல்லாம் அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே சாவியைக் கமுக்கமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1976-இல் விட்பீல்டு டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவரும் வேறு வழி வெளியிட்டனர். திறந்த பூட்டை ஊரார்க்கெல்லாம் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். எவரும் பூட்டலாம், உரியவரே திறக்கலாம். இணையப் பக்கத்தின் தலையில் பூட்டுப் படம் தோன்றினால், வழியில் படிப்பார் இல்லை என்று பொருள்; வழியின் முடிவில் உள்ள வீட்டார் நல்லவர் என்று பொருளன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் பொருளிழந்தோர் பலர்.

மகன் மாரிஸ் மீது வழக்கு நடந்தது. 1986-ஆம் ஆண்டுக் கணிப்பொறி மோசடிச் சட்டத்தின்படி அவர் குற்றவாளி என 1990-இல் முடிவாயிற்று. சிறை இல்லை, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரப் பொதுத் தொண்டும், 10,050 டாலர் தண்டமும் விதித்தனர். பிற்காலத்தில் அவர், எந்தக் கழகத்தின் பொறியிலிருந்து புழுவை ஏவினாரோ அந்தக் கழகத்திலேயே பேராசிரியர் ஆனார். புழுவின் நிரல் அடங்கிய சிறு வட்டு ஒன்றைக் கலிபோர்னியாவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் பாதுகாத்து வருகின்றது. உள்ளங்கைக்குள் அடங்கும் கருநிறத் தகடு அது. மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கின்றது.